அலபார்தாவின் பூண்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பழைய ஆயுதங்களைச் சேர்த்து வைக்கும் நண்பர் ஒருவர், ஸ்பெயினில் வாங்கிய அலபார்தா ஒன்றைப் போன வருடம் என் கையில் கொடுத்தார். ஆங்கிலத்தில் இதை ஹால்பர்ட் என்பார்கள். ஆள் உயரத்தையும் தாண்டிய காம்பு. அதன் தலையில் ஒரு பக்கம் கோடாலி அலகு, மறுபக்கம் கொக்கி, உச்சியில் ஈட்டி முனை. மூன்று ஆயுதங்களை ஒரே காம்பில் செருகியதுபோல் இருந்தது.

இதன் பெயர் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. ஹால்ம் என்றால் காம்பு, பார்ட்டே என்றால் கோடாலி. அதாவது காம்புக் கோடாலி. விறகு வெட்டுகிறவன் வாயில் பிறந்த பெயர் மாதிரி இல்லையா? அது பொருத்தம்தான். இதை வைத்துப் புகழ் பெற்றவர்கள் சுவிட்சர்லாந்தின் மலைக் குடியானவர்கள். 1315இல் மோர்கார்ட்டன் கணவாயில் ஆஸ்திரியப் பிரபுவின் குதிரைப்படையை மடக்கி அடித்தார்கள். குதிரைமேல் இரும்புக் கவசத்தோடு இருப்பவனைத் தரையில் நிற்பவன் என்ன செய்ய முடியும்? கொக்கியை மாட்டி இழுக்கலாம். விழுந்தவன்மேல் கோடாலியை இறக்கலாம். காம்பு நீளமாக இருப்பதால் வீச்சின் வேகம் முழுவதும் அலகில் வந்து சேரும். 1477 ஜனவரியில், இன்றைய பிரான்சில் இருக்கும் நான்சியில், சுவிஸ்காரர்களை எதிர்த்த போரில் பர்கண்டி கோமகன் சார்லஸ் செத்து விழுந்தார். இரண்டு நாள் கழித்து உறைபனியில் உடலைக் கண்டெடுத்தபோது மண்டை பிளந்திருந்தது. அலபார்தா வெட்டுதான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள்.

துப்பாக்கி வந்துதான் இது போர்க்களத்தை விட்டுப் போனது என்று பலரும் நினைக்கிறோம். என் எண்ணம் வேறு. அதற்கு முன்னாலேயே இதை ஓரங்கட்டியது பைக் என்ற நெடுஈட்டி. ஐந்து மீட்டர் நீள ஈட்டிகள் வரிசையாக நீட்டி நிற்கும்போது, இரண்டு மீட்டர் காம்போடு யார் கிட்டே போவது? 1422இல் ஆர்பேதோவில் மிலான் படையிடம் அடிபட்ட பிறகு சுவிஸ்காரர்களே ஈட்டிகளைக் கூட்டிக்கொண்டார்கள்.

சரி, அப்படியென்றால் ஸ்பெயினில் இது எப்படி நிலைத்தது? அங்கே தெர்சியோ என்ற புகழ்பெற்ற காலாட்படைகளில் சார்ஜென்ட் கையில் அலபார்தா இருந்தது. நூற்றுக்கணக்கான ஈட்டிக்காரர்கள் நடுவே அந்தத் தலை தனியாகத் தெரியும். காம்பைக் கிடையாகப் பிடித்து வரிசையை நேர்படுத்தலாம். வெட்டும் ஆயுதம் மெல்ல மெல்லப் பதவியின் அடையாளம் ஆனது இப்படித்தான். அதற்கும் முன்பே, 1504இல், பெர்னாண்டோ மன்னர் தம் பாதுகாப்புக்கென்று ஒரு அலபார்தா காவல் படையை அமைத்திருந்தார். கோன்சாலோ தே அயோரா அதன் தலைவர்.

அந்தக் காவலர் வழிவந்தவர்களின் கதை ஒன்றை அவசியம் சொல்ல வேண்டும். 1841 அக்டோபர் 7ஆம் தேதி இரவு, மாட்ரிட் அரண்மனையிலிருந்து இரண்டாம் இசபெல் அரசியைத் தூக்கிப்போக ஒரு கூட்டம் புகுந்தது. அரசிக்கு அப்போது பதினொரு வயதுகூட நிறையவில்லை. பெரிய படிக்கட்டில் தொமிங்கோ துல்சே தலைமையில் நின்றவர்கள் பதினெட்டே பேர். இரவெல்லாம் படியை விட்டுக்கொடுக்கவில்லை. அலபார்தா காவலர் என்ற பெயர்தான் அவர்களுக்கு. அன்று காப்பாற்றியது துப்பாக்கி. ஆனாலும் அந்தப் பெயருக்காக நின்றார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்றும் ஸ்பெயின் அரண்மனை விழாக்களில் காவலர்கள் அலபார்தாவோடு நிற்கிறார்கள்.

மறுபடியும் நண்பர் வீட்டுக்கு வருகிறேன். பழைய அலபார்தா கிடைத்தால் முதலில் தலைக்குக் கீழே பாருங்கள். காம்போடு ஒட்டி நீளமான இரும்புப் பட்டைகள் இறங்கி, ஆணி அடித்திருக்கும். எதிரியின் வாள் காம்பை வெட்டிவிடாமல் இருக்கவும், தலை கழன்றுவிடாமல் இருக்கவும் அந்த ஏற்பாடு. அப்புறம் அலகைப் பாருங்கள். சண்டைக்குச் செய்தது தடித்துக் கனமாக, வேலைப்பாடு இல்லாமல் இருக்கும். விழாவுக்குச் செய்தது பிறைபோல் வளைந்து, பூத்துளைகள் போட்டு, தகடாக மெலிந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டில் வீட்டுச் சுவரில் மாட்டவென்றே செய்த நகல்களும் ஏராளம். பட்டை குட்டையாக, ஆணி புதிதாக இருந்தால் யோசித்து வாங்குங்கள்.

நான் தொட்டுப் பார்த்ததில் அலகு மெல்லியது, துளைகள் நிறைய. விளிம்பில் ஒரு பல்கூட விழவில்லை. அது யாரையும் வெட்டியிருக்காது. ஆனால் காம்பைத் தலைகீழாகத் திருப்பினேன். உலக்கைக்குப் போடுவதுபோல் அடியில் ஒரு இரும்புப் பூண். அதன் ஒரு பக்கம் மட்டும் சரிந்து, வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. கல்தரையில் யாரோ ஒருவர், அதை ஒரே சாய்வில் ஊன்றி, வருடக்கணக்காக நின்றிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.