கைராசி மட்டும் போதுமுங்களா?

(அந்தியூர் ஆடித் திருவிழாவை ஒட்டி நடந்த பட்டிமன்றம். தலைப்பு: 'மருத்துவம் வளர்ந்தது பெரிதும் அனுபவத்தாலா, சோதனையாலா?' சோதனை அணியில் பேசிய உரை.)

நடுவர் அவர்களே, குதிரைச் சந்தையைச் சுற்றிப் பார்த்த கையோடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, அம்மிணிகளே, வணக்கமுங்க.

எதிரணி அக்கா கைதட்டலை அள்ளிக்கொண்டு போய்விட்டார். "வயிற்றால் போனால் எங்க அமுச்சி உப்புப் போட்ட கஞ்சி கொடுத்தார். அவர் எந்த லேபில் படித்தார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அந்தக் கஞ்சி கேட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே தெருவில் இன்னொரு அமுச்சி இருந்தாரே, அவரை ஏனுங்க அக்கா மறந்துவிட்டார்? "பேதியாகுது, தண்ணி காட்டாதீங்க, இன்னும் போகும்" என்றவர். அவருக்கும் எழுபது வயது அனுபவம்தான். பிள்ளை யார் பேச்சைக் கேட்பது?

வழக்கைத் தீர்த்தது குடல். குடலின் உட்சுவரை எடுத்து வைத்துச் சோதித்தவர்கள், உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸும் ஒரே வாசல் வழியாகச் சேர்ந்து உள்ளே போவதையும், தண்ணீர் அவற்றின் பின்னாலேயே போவதையும் கண்டார்கள். 1960இல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி இதை விளக்கினார். காலரா வந்தாலும் அந்த வாசல் மூடுவதில்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம். 1971இல் வங்கதேச அகதிகள் குவிந்திருந்த, மேற்கு வங்கத்துப் போங்காவ் முகாமில் காலரா. டிரிப் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கரைத்து, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்து ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. கஞ்சியிலும் மாவுச்சத்து குடலில் உடைந்து குளுக்கோஸாகத்தான் ஆகிறது. ஆக, முதல் அமுச்சிக்கே வெற்றி. ஆனால் தீர்ப்பு எழுதியது எங்கள் அணி!

சரி, அனுபவம் தப்பாகப் போனால் என்ன ஆகும்? ஜார்ஜ் வாஷிங்டனுக்கு 1799 டிசம்பரில் தொண்டை அடைத்துக்கொண்டது. கைராசிக்குப் பேர்போன வைத்தியர்கள் ஒரே நாளில் பலமுறை அவர் ரத்தத்தை வெட்டி எடுத்தார்கள். அன்றிரவே போய்ச் சேர்ந்தார். ரத்தம் எடுப்பது இரண்டாயிரம் வருட அனுபவமுங்க!

அந்த ரத்தம் உடம்பில் என்ன செய்கிறது என்றாவது அவர்களின் முன்னோருக்குத் தெரிந்ததா? ஈரல் அதை உண்டாக்குகிறது, உடம்பு குடித்துத் தீர்க்கிறது என்று பழங்காலக் கிரேக்க வைத்தியர் கேலன் காலத்திலிருந்து ஆயிரத்து நானூறு வருடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இங்கிலாந்து டாக்டர் வில்லியம் ஹார்வி கணக்குப் போட்டார். இதயம் ஒரு துடிப்புக்கு அரை அவுன்ஸ் தள்ளினால்கூட, அரை மணி நேரத்தில் ஆயிரம் துடிப்பு, ஐந்நூறு அவுன்ஸ். ஏறத்தாழ 14 லிட்டர். உடம்பில் இருப்பதோ ஐந்து லிட்டர் சொச்சம். நம்ம தோட்டத்து மோட்டார், கிணற்றில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு தண்ணீரை அரை மணியில் இறைத்தும் கிணறு வற்றவில்லை என்றால், இறைத்த தண்ணீர் கிணற்றுக்கே திரும்பி வருகிறது என்று எந்த விவசாயியும் சொல்லிவிடுவார். அதைத்தான் ஹார்வி 1628இல் அச்சிட்டார். சந்தேகமா? தோளில் கிடக்கும் துண்டை மேற்கையில் ரொம்ப இறுக்காமல், மிதமாகக் கட்டுங்கள். நரம்பு புடைத்து, நடுநடுவே முடிச்சு தெரியும். அவைதான் வால்வுகள். ஒரு முடிச்சுக்கு மேலே இருக்கும் ரத்தத்தை விரலால் கீழ்ப்பக்கம் தள்ளிப் பாருங்கள், முடிச்சைத் தாண்டிப் போகாது. அவர் படம் போட்டுக் காட்டிய சோதனை இது.

எதிரணித் தம்பி உணர்ச்சிவசப்பட்டு, "வாயில்லா ஜீவனை வதைத்து வந்த அறிவு" என்றார். குதிரைச் சந்தை ஊரில் இதற்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு குதிரையைக் கட்டிப்போட்டு, கால் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதில் கண்ணாடிக் குழாயை நிறுத்தினார். ரத்தம் 8 அடி 3 அங்குலம் ஏறியது. 1733இல் அதை வெளியிட்டார். ரத்த அழுத்தத்தை மனிதன் முதன்முதலில் அளந்தது அப்படித்தான். அந்தக் குதிரை செத்துப்போனது. மயக்க மருந்து வருவதற்கு இன்னும் நூறு வருடத்துக்கு மேல் இருந்தது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். 1876இல் இங்கிலாந்தும், 1960இல் நம் நாடும் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தியது சரிதான். ஆனால் தம்பி, தன் உடம்பையே சோதனைக்குக் கொடுத்தவர்களும் இந்த அணியில்தான் இருக்கிறார்கள். ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் 1929இல் தன் கை நரம்பு வழியாக ஒரு குழாயை இதயம் வரை தானே விட்டுக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனார்! இன்றைக்குக் கோயம்புத்தூரில் ஆஞ்சியோ செய்துகொண்டு மூன்றாம் நாள் வேலைக்குப் போகிறவர் அவருக்குக் கடன்பட்டவர்.

கடைசியாக ஒன்று. ஆபரேஷன் ஆனவரின் தலைமாட்டில் ஆர்.எல். பாட்டில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஆர் என்பது சிட்னி ரிங்கர். 1880களில் லண்டனில் தவளை இதயத்தை உப்புத் தண்ணீரில் வைத்தார், துடித்துக்கொண்டே இருந்தது. அதே உப்பைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலந்து வைத்தால் நின்றுபோனது. என்னடா என்று பார்த்தால், முன்பு உதவியாளர் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றியிருக்கிறார். அதிலிருந்த கால்சியம்தான் இதயத்தை ஓட்டியது. பின்னாளில், 1930களில், குழந்தை மருத்துவர் அலெக்சிஸ் ஹார்ட்மன் ரிங்கரின் உப்புத் தண்ணீரில் லாக்டேட் சேர்த்தார், அதுதான் எல். எதிரணி உடனே, "ரிங்கரும் வைத்தியம் பார்த்த டாக்டர்தானே" என்று எழுந்திருக்கும். ஆமாங்க, டாக்டர்தான். வார்டு வேலை போக மீதி நேரத்தில் லேபுக்கு ஓடியவர்.

நடுவர் ஐயா மணி அடித்துவிட்டார். அடுத்துப் பேச வரும் எதிரணி அண்ணன் இதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்: அந்தத் தவளை இதயம் இல்லாமல், வார்டிலேயே நின்று நாடி பிடித்துக்கொண்டிருந்தால், தண்ணீரில் இருந்த கால்சியத்தை ரிங்கர் எத்தனை வருட அனுபவத்தில் கண்டுபிடித்திருப்பார்?