கட்டத்துக்குள் யாருடைய முகம்?

(வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அழகான கவுன் ஒன்று தொங்குகிறது. தெருவோடு போகிற இளைஞர் ஒருவர் அதைப் பார்க்கிறார். 'ஆர்லீனுக்கு இது பிடிக்குமே' என்று தோன்றுகிறது. அந்த இடத்திலேயே உடைந்து அழுகிறார். ஆர்லீன் அவருடைய மனைவி. காசநோயால் இறந்து ஏறத்தாழ ஒரு மாதம் ஆகியிருந்தது. அதுவரை அவர் அழவே இல்லை.

அந்த இளைஞர்தான் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன். ஆண்டு 1945. அறிவியலாளர் ஒருவரின் வாழ்க்கையைப் படக்கதையாகச் சொல்வது குழந்தைகளுக்கான வேலை என்று நினைப்பவர்களிடம் இந்தக் காட்சியைத்தான் நான் முதலில் காட்டுவேன். நல்ல ஓவியர் ஒருவர் இரண்டே கட்டங்களில், ஒரு சொல்கூட எழுதாமல் இதைச் சொல்லிவிடுவார். உரைநடைக்கு அந்த மௌனம் எளிதில் வாய்ப்பதில்லை.

அதிலும் ஃபைன்மன் கோடுகளால் சிந்தித்தவர். எலக்ட்ரானும் ஒளித்துகளும் ஒன்றோடொன்று வினைபுரிவதைக் கணக்கிட மற்றவர்கள் பக்கம் பக்கமாகச் சமன்பாடு எழுதிய காலத்தில், அவர் நேர்கோடும் அலைக்கோடுமாகச் சிறு படங்கள் போட்டார். 1965இல் ஷ்விங்கர், டொமொனாகா ஆகியோருடன் அவர் நோபல் பரிசு பெற்ற ஆய்வுக்குள் அந்தப் படங்கள் இருக்கின்றன. நடுவயதில் ஓவியம் கற்று, 'ஓஃபே' என்று கையெழுத்திட்டு மனித உருவங்களையும் வரைந்தார். அவர் கதையை ஓவியத்தில் சொல்வது மிகப் பொருத்தம். ஜிம் ஒட்டாவியானி எழுத, லேலண்ட் மைரிக் வரைந்து 2011இல் வந்த 'ஃபைன்மன்' அதைச் செய்தது. நான் நேசிக்கும் நூல் அது. ஆனால் அது பெரும்பாலும் ஃபைன்மனின் குரலிலேயே நடக்கிறது. என் மனத்தாங்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஃபைன்மன் தேர்ந்த கதைசொல்லி. அமெரிக்கா அணுகுண்டு உருவாக்கிய லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் பூட்டிய இரகசியப் பெட்டகங்களைத் திறந்த கதையை அவர் சொல்லும்போது நாமும் அவர் தோளோடு தோள் நிற்கிறோம். மதுக்கூடங்களில் பெண்களை மதிக்காமல் நடந்தால் காரியம் நடக்கும் என்று தான் கற்றுக்கொண்டதையும் 1985இல் வந்த தன் நினைவுநூலில் அதே உற்சாகத்தோடுதான் சொல்கிறார். அந்த வழி தனக்குப் பிடிக்கவில்லை, பிறகு தொடரவில்லை என்றும் சொல்கிறார். அது உண்மையாகவே இருக்கட்டும். அந்த மேசைக்கு எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு அன்றைய இரவு எப்படி இருந்தது? சொல்பவர் திரும்பிப் பார்க்காத முகத்தை ஓவியர் பார்க்கலாம். படக்கதைக்குக் கிடைத்திருக்கும் பெரிய உரிமை அது. கதையைச் சொல்லும் குரல் ஒருவருடையதாக இருக்கலாம். கட்டத்துக்குள் இன்னொருவரின் முகமும் இருந்தே தீரும்.

1952இல் அவர் மேரி லூ பெல்லை மணந்தார். சில ஆண்டுகளில் மணமுறிவு. விழித்ததிலிருந்து கணக்குப் போடுகிறார், ஓயாமல் பாங்கோ முரசு அடிக்கிறார் என்ற மனைவியின் புகார் செய்தித்தாள்களில் வந்தது. மேதையின் விசித்திரப் பழக்கம் என்று உலகம் சிரித்தது, இன்றும் சிரிக்கிறது. பல ஆண்டுகள் கழித்து வெளியான, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் கோப்பில் வேறொன்று இருக்கிறது. தான் தெரியாமல் கணக்கையோ முரசையோ குலைத்த பல தருணங்களில் அவர் வெறிகொண்டு கழுத்தை நெரிக்க முயன்றார், பொருள்களை வீசினார், மேசை நாற்காலிகளை உடைத்தார் என்று முன்னாள் மனைவி சாட்சியம் சொன்னதாக அதில் குறிப்பு இருக்கிறது. ஒருவரின் சொல்தானே, நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டதா என்று கேட்கலாம். கேளுங்கள். ஆனால் முரசுக் கதையை மட்டும் வரைந்துவிட்டு இதை விட்டுவிட எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

இந்த அளவுகோலை நான் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. 1974இல், தான் பணியாற்றிய கால்டெக் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில், உன்னை நீயே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது, ஏமாற்றுவதற்கு மிக எளிய ஆள் நீதான் என்று மாணவர்களிடம் சொன்னவர் அவர். தன் கோட்பாட்டுக்கு எதிரான சான்றையும் முன்வைப்பதுதான் நேர்மை என்றார். 1986இல் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தின் விபத்து விசாரணையில், புற்றுநோயாளியாக இருந்த நிலையிலும், ராக்கெட்டின் இணைப்பை அடைக்கும் ரப்பர் வளையத்தைப் பனிக்கட்டி நீரில் போட்டு, குளிரில் அது விறைத்துப்போகும் குறையை எல்லார் முன்னிலையிலும் காட்டினார். நாசாவின் சான்றுகளை அப்படிச் சோதித்தவரின் வாழ்க்கையை நாம் மட்டும் மெழுகிப் பூசலாமா?

அப்படியானால் ஆர்லீன் மீது வைத்த அன்பு பொய்யா என்று சென்ற கூட்டத்தில் ஒரு மாணவி கேட்டாள். இல்லை, அம்மா. நோய் தெரிந்தே, வீட்டாரின் எதிர்ப்பை மீறி 1942இல் அவளை மணந்தார். அவள் இறந்து 16 மாதங்கள் கழித்து அவளுக்கே ஒரு கடிதம் எழுதி உறையிலிட்டார். 'இதை அஞ்சலில் சேர்க்காததற்கு மன்னித்துவிடு. உன் புதிய முகவரி எனக்குத் தெரியாது' என்று முடித்தார். அவர் 1988இல் இறந்த பிறகுதான் அந்த உறை திறக்கப்பட்டது. அந்தக் கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் நான் நம்புகிறேன்.

நான் ஓவியராக இருந்திருந்தால் அந்தக் கடிதத்தை இடப்பக்கத்தில் வைப்பேன். வலப்பக்கத்தில் மேரி லூவின் வீடு. முரசடிக்கும் கைகளை அங்கே வரைய மாட்டேன். மூடிய கதவும், அதற்கு இப்பால் கையில் தேநீர்க் கோப்பையோடு, உள்ளே போகலாமா என்று தயங்கி நிற்கும் ஒரு பெண்ணும் மட்டும் இருப்பார்கள்.