கரையிலேயே கேட்கும் சீற்றம்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் நீரோடியில் பிறந்தவன். எங்கள் ஊர் மணலில் மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் பொழியூர், கேரளம் வந்துவிடும். அப்பா சிப்பி எடுக்க விழிஞ்ஞம் பாறைகளுக்குப் போவார். முகத்தில் ஒரு கண்ணாடி, இடுப்பில் ஒரு வலைப்பை, கையில் ஒரு உளி. மூச்சை அடக்கி முங்கி, சிப்பியைப் பெயர்த்துக்கொண்டு மேலே வருவார். நம்பி இறங்குவதற்கு அவருக்கு இருந்தது அவருடைய நெஞ்சு ஒன்றுதான். அது எவ்வளவு தாங்கும் என்று அவருக்குத் தெரியும்.

எங்கள் தலைமுறையில் சிலர் முதுகில் சிலிண்டர் கட்டி முங்குகிறோம். கேரளத்துக் கோவளத்துக்கு வரும் பயணிகளைக் கடலடிக்குக் கூட்டிப்போகும் வேலை. நானும் அதைப் பல வருடம் செய்தேன். இப்போது கரையில் உட்கார்ந்து ரெகுலேட்டர்களைக் கழற்றி சர்வீஸ் செய்கிறேன். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்திருக்கும். ஒரு காரின் டயரில் இருப்பது ஏறக்குறைய 2 பார். நூறு மடங்கு! அதை அப்படியே வாயில் வாங்க முடியாது. அதனால் ரெகுலேட்டர் இரண்டு படியாக அழுத்தத்தைக் குறைக்கிறது. சிலிண்டர் தலையில் பூட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிடச் சுமார் 10 பார் கூடுதலாக இருக்கும் அளவுக்கு இறக்கும். வாயில் கடிக்கும் செகண்ட் ஸ்டேஜ், நீங்கள் இழுக்கும்போது மட்டும் திறந்து, நீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைத் தரும். 1943-இல் பிரான்சில் கூஸ்தோவும் காக்னானும் உருவாக்கிய கருவியின் வழியில் வந்ததுதான் இது.

ரெகுலேட்டர் பழுதானால் மூச்சு அடைத்துப்போகும் என்றுதான் பலர் பயப்படுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது அதற்கு நேர்மாறு. பழுதானால் மூடிக்கொள்ளாமல் திறந்துகொள்ளும்படிதான் அதன் வால்வை அமைத்திருக்கிறார்கள். காற்று நிற்காமல் கொட்டும். உடனே மூச்சு நிற்காது, ஆனால் சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகிவிடும்.

எனக்கு அது 2011-இல் விழிஞ்ஞத்துக்கு வெளியே 18 மீட்டர் ஆழத்தில் நடந்தது. சிலிண்டரில் பாதிக்கு மேல் காற்று இருந்தது. திடீரென்று வாயில் புயல் அடித்ததுபோல் காற்று பீறிட்டது, கண்ணாடிக்கு முன்னால் குமிழிகளைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. கூட வந்த நண்பர் தன் ஆக்டோபஸை, அதாவது உதவிக்கு வைத்திருக்கும் இரண்டாவது வாய்க்கருவியை, என் கையில் திணித்தார். அதைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்காமல், மெதுவாக ஏறினோம். மேலே வந்து பார்த்தபோது, சிலிண்டரில் மீதிக் காற்றைக் காட்டும் என் கேஜ் முள் பூச்சியத்தில் நின்றது.

ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்பே அந்தக் கருவி என்னிடம் சொல்லியிருந்தது. படகில் பூட்டி, வால்வைத் திறந்து, யாரும் இழுக்காமல் வைத்திருந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் மெல்லச் சீறும். ஒரு மூச்சு இழுத்தால் நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சீறும். நானும் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சீற்றத்துக்கு அர்த்தம் இதுதான்: ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குள் காற்று வழியை அடைக்கும் சீட் தேய்ந்துவிட்டது, முழுதாக மூடவில்லை. 10 பாரில் நிற்க வேண்டிய அழுத்தம் 11, 12 என்று ஊர்ந்து ஏறுகிறது. அதைத் தாங்க முடியாமல் வாய்ப்பக்க வால்வு கசிகிறது. கழற்றிப் பார்த்தபோது சீட்டில் நகம் பதிந்ததுபோல் வட்டமாக ஒரு பள்ளம். வடிகட்டியில், புளி போட்டுத் தேய்க்காத குத்துவிளக்கைப்போல் பச்சைக் களிம்பு. கடல்நீர் உள்ளே போனதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். சர்வீஸ் ஆகிவிட்டது என்று கருவியைக் கொடுத்த கடையில் சொல்லியிருந்தார்கள். நான் திறந்து பார்க்கச் சொல்லவில்லை.

குளிர்நாடுகளில் ரெகுலேட்டர் உறைந்துபோய்க் கொட்டுவது உண்டு. நம் கடலில் அந்தப் பயமில்லை. நமக்கு எதிரி உப்பும் மணலும்தான். வெளிமூச்சு போகும் ரப்பர் வால்வில் ஒரு மணல் சிக்கினால் போதும், இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் தண்ணீர் வரும். ஹோஸ் மடிப்புகளை, முக்கியமாக நுனியில் உள்ள ரப்பர் உறையைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். வால்வைத் திறந்து நாலு மூச்சு இழுக்கும்போது கேஜ் முள் இறங்கி இறங்கி ஏறினால், சிலிண்டர் வால்வு முழுதாகத் திறக்கவில்லை, இல்லையென்றால் வடிகட்டி அடைத்திருக்கிறது. அப்படியே இறங்காதீர்கள்.

கழுவுவதில் நம் பிள்ளைகள் செய்யும் தவறு ஒன்று. ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் வாய்க்கு மூடி போடாமல் வாளியில் அமுக்குவது, அமுக்கும்போதே பர்ஜ் பொத்தானை, அதாவது செகண்ட் ஸ்டேஜின் வால்வைக் கையால் திறக்கும் பொத்தானை, அழுத்துவது. இரண்டுமே உப்புத் தண்ணீரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கும் வேலை. மூடியைத் துடைத்துக் காயவைத்துப் பூட்டி, நல்ல தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள், பொத்தானைத் தொடாதீர்கள். கரையோரக் கிணறு பல இடங்களில் உப்புக் கரிக்கும். அந்தத் தண்ணீர் வேண்டாம். காயவைப்பது நிழலில். அப்புறம், காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கைக்குக் கிடைப்பது அதுதான், புரிகிறது. ஆனால் அந்தக் காற்றைத்தான் நெஞ்சுக்குள் இழுக்கிறோம். கையேட்டில் அதற்கென்று சொல்லியிருக்கும் கிரீஸ் மட்டும்தான் போட வேண்டும்.

சர்வீஸ் எப்போது? வருடத்துக்கு ஒருமுறை, அல்லது 100 முங்கலுக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அது என்பது பல கம்பெனிகளின் கணக்கு. சில கம்பெனிகள் இரண்டு வருடம் தருகின்றன. உங்கள் கருவியின் கையேட்டைப் பாருங்கள். விடுமுறைக்கு வந்து நாலு முறை முங்குகிறவருக்கு வருடக் கணக்கு சரி. ஓணம் கழிந்து சீசன் தொடங்கியதும் நம் பிள்ளைகள் தினமும் இரண்டு முறை இறங்குகிறார்கள். 100 முங்கல் 50 நாளில் முடிந்துவிடும். "போன வருடம்தானே செய்தோம்" என்று முதலாளி சொன்னால் இந்தக் கணக்கை அவருக்குச் சொல்லுங்கள். அந்தச் செலவு வேலைக்காரன் சம்பளத்தில் போகக் கூடாது. இடவப்பாதி மழையில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், அலமாரியில் கிடந்த கருவியையும் அப்படியே எடுத்துப் பூட்டாதீர்கள்.

போன வாரம் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் தன் ரெகுலேட்டரைக் கொண்டுவந்தான். வடிகட்டி பச்சை. "அண்ணா, நாளைக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போகணும், சும்மா கழுவித் தாங்க" என்றான். தரவில்லை மக்களே. சீட்டும் ஓ-ரிங்கும் அடங்கிய கிட் வர ஒரு வாரம் ஆகும் என்று சொல்லி, என்னிடமிருந்த நல்ல ரெகுலேட்டரைக் கையில் கொடுத்தேன். அவனுடையது இன்னும் என் மேசையில் பிரித்தபடி இருக்கிறது. வியாழக்கிழமை பூட்டிக் கொடுப்பேன். அன்றைக்கு அவன் முன்னாலேயே அழுத்த கேஜைப் பொருத்தி, பத்து நிமிடம் முள் அசையாமல் நிற்பதைக் காட்டித்தான் கொடுப்பேன்.

வணக்கம்.