குப்பைக்குப் போகும் பால் பல்

வணக்கம். பல் மருத்துவராக நான் பிடுங்கிப் போட்ட பால் பற்களுக்குக் கணக்கே கிடையாது. பஞ்சில் சுற்றிப் பிள்ளையின் கையில் கொடுப்பேன், வேண்டாம் என்றால் குப்பைத் தொட்டி. அந்தக் குப்பையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அடுத்த முறை பால் பல் ஒன்று விழுந்தால், கழுவுவதற்கு முன்னால் கவிழ்த்துப் பாருங்கள். வேர் கரைந்து அடிப்பக்கம் குழிவாக இருக்கும், சில பற்களில் அந்தக் குழிக்குள் சிவப்பாக ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். பல்லுக்குள்ளே ரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் மென்மையான சதைதான் பற்கூழ், அதன் மிச்சம் அது. சொங்தாவ் ஷி என்ற ஆராய்ச்சியாளர் தம் ஆறு வயது மகளின் பல்லில் இதைக் கவனித்தார். 2000-இல் அவர் இருந்த குழு ஞானப்பல்லின் கூழில் ஸ்டெம் செல்களை, அதாவது பெருகி வேறு வகைச் செல்களாகவும் மாறக்கூடிய மூலச் செல்களை, கண்டுபிடித்திருந்தது, அதனால் அவருக்குப் பொறி தட்டியது. எனக்கு அத்தனை வருடம் கண்ணில் பட்டும் தட்டவில்லை! பால் பல்லிலும் அந்தச் செல்கள் உண்டு என்று 2003-இல் கட்டுரை வந்தது. ஒரு பல்லிலிருந்து கிடைத்தவை 12 முதல் 20 வரை, அவ்வளவுதான். ஆனால் ஆய்வகத்தில் வளர்த்தால் ஞானப்பல் செல்களைவிட வேகமாகப் பெருகின.

சரி, இதை வைத்து எதைச் சரிசெய்வது? எட்டு வயதுப் பிள்ளை கீழே விழுந்து முன்பல்லில் அடிபடுகிறது என்று வையுங்கள். முளைத்து ஓரிரு வருடமே ஆன நிலைப்பல், வேர் இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. உள்ளே கூழ் செத்துவிட்டால் வேரும் வளராமல் அப்படியே நின்றுவிடும், சுவர் மெல்லிசாக இருக்கும், பின்னால் லேசாக இடித்தாலே முறியும். நாங்கள் செய்வதெல்லாம் அந்த வேர்நுனியை அடைத்து வைப்பதுதான், பல் நிற்கும், உயிர் இருக்காது.

சீனாவின் ஷியான் நகரில் ஒரு குழு இப்படி அடிபட்ட 40 பேரை எடுத்துக்கொண்டு, 30 பேருக்கு அவரவர் பால் பல்லின் கூழிலிருந்தே செல்களை வளர்த்து, சிறு உருண்டையாகத் திரட்டி, செத்த பல்லின் வேர்க்குழாய்க்குள் வைத்தது. மீதி 10 பேருக்கு வழக்கமான சிகிச்சை. 2018-இல் முடிவு வெளிவந்தது: ஒரு வருடத்தில் செல் வைத்த பற்களில் வேர் நீண்டது, உணர்ச்சியும் திரும்பியது. அப்புறம் அவர்களில் ஒரு பிள்ளைக்கு அதே பல்லில் மறுபடி அடிபட்டு அதை எடுக்க வேண்டியதாயிற்று. அதை அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே ரத்தக் குழாய், நரம்பு, பல்லின் உட்சுவரான டென்டினைக் கட்டும் செல் வரிசை எல்லாம் இருந்தன. அந்தப் படத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

தண்டுவடம் அறுந்த எலிகளுக்கு மனிதப் பற்கூழ் செல்களை வைத்தபோது பின்னங்கால் அசைவு ஓரளவு திரும்பியதும் உண்மைதான். எலியில் நடந்தது எலியில் நடந்தது, மனிதருக்கு அதிலிருந்து நேரே தாவ முடியாது. ஆனால் பிற்காலச் சிகிச்சைக்காகப் பால் பல்லின் செல்களைச் சேமித்துத் தருகிறோம் என்று வரும் விளம்பரங்கள் இதயம், சர்க்கரை நோய் என்று நீட்டி முழக்குகின்றன. என்னிடம் கேட்கும் பெற்றோரிடம் இரண்டு விஷயம் சொல்வேன். நாள்கணக்கில் ஆடித் தானே விழுந்த பல்லில் கூழ் பெரும்பாலும் காய்ந்தே போயிருக்கும், ரத்த ஓட்டம் இருக்கும்போதே எடுத்தால்தான் செல் பிழைக்கும், சொத்தை விழுந்த பல் ஆகாது. இன்னொன்று, பணம் கட்டுவதற்கு முன்னால், "இதுவரை நீங்கள் சேமித்த பல்லை வைத்து எந்த நோயாளிக்கு என்ன சிகிச்சை நடந்தது?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள்.