சொத்தைக் கடலையை மாட்டுக்கும் போடாதீங்க!

வணக்கம் மக்களே! இன்னிக்கு மாடித்தோட்ட வீடியோ வரும்னு சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். போன வீடியோவுல நிலக்கடலை பொறுக்கிட்டு ஒரு கை சொத்தையைக் குப்பையில போட்டேன்ல, அதுக்கு வந்த கமெண்ட்ஸ்தான் காரணம். "வறுத்தா சரியாயிடும்"னு ஒருத்தர். "வீணாக்காதீங்க, மாட்டுக்குப் போடுங்க"ன்னு நிறைய பேர். கோவமே வந்துடுச்சு.

கிட்ட காட்டுறேன் பாருங்க. பருப்பைப் பிளந்தா உள்ள மஞ்சளும் பச்சையுமா பொடி ஒட்டியிருக்கா? ஆஸ்பர்ஜில்லஸ்ங்கிற பூஞ்சை இப்படித்தான் இருக்கும். அது விடுற விஷம் அஃப்ளடாக்சின். அதைக் கல்லீரல் இன்னும் மோசமான பொருளா மாத்திடுது, அது போய் டிஎன்ஏவுல ஒட்டிக்குது. கட்டி வராம காக்குற பி53 ஜீனையே கெடுத்துடும். கல்லீரல் புற்றுநோய்க்கு இது காரணம்னு உறுதியாவே நிரூபிச்சிருக்காங்க. கல்லீரலைத் தாக்குற ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருக்குறவங்களுக்கு ஆபத்து பல மடங்கு. வறுத்தா பூஞ்சை சாகும், விஷம் முழுசா போகாது. இதை வச்சு "கேன்சரே பூஞ்சைதான், சோடா மாவு போதும்"னு சுத்துற ஃபார்வேர்டு சுத்தப் பொய், அதை நம்பி சிகிச்சையை விட்டுடாதீங்க.

ஆங், அந்தக் கடலையோட விலை சொல்லவே இல்ல! கிலோ 160 ரூபா. "முதல் தரம்"னு சொல்லிக் கொடுத்தாங்க. இன்னிக்கு அதே கடைக்குப் போய் மூட்டைக்குள்ள கைய விட்டுப் பாத்தேன். வெறும் தரையில வச்ச மூட்டை, அடியில ஈரம் ஏறி கட்டி கட்டியா இருக்கு! விடல. பலகை மேல இருந்த மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, பேப்பர்ல பரப்பி, சூம்பினது, கருத்தது, ஓட்டை விழுந்தது எல்லாம் தள்ளிட்டு, அதே 160 ரூபாய்க்குப் பளபளன்னு ஒரு கிலோ வாங்கிட்டு வந்தேன். அவ்ளோ சந்தோஷம்!

சரி, மாட்டு விஷயம். சொத்தையோ பூசணம் பிடிச்ச புண்ணாக்கோ மாடு தின்னா, அந்த விஷம் எம்1னு உருமாறி பால்ல வருது. காய்ச்சினாலும் போகாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல நாடு முழுக்க 6,432 பால் மாதிரி எடுத்துச்சு. 368-ல எம்1 அளவுக்கு மீறி இருந்துச்சு. அதுல தமிழ்நாட்டோடது மட்டும் 88! நம்ம மாநிலத்துல எடுத்ததே 551தான். குழந்தைங்க குடிக்கிற பாலுங்க அது.

முன்னாடியே சொல்லியிருக்கணும், இந்த விஷம் வெளிச்சத்துக்கு வந்ததே தீவனத்தாலதான். 1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கும் மேல வான்கோழிங்க செத்துச்சு. என்னடான்னு தேடினா, பிரேசில்ல இருந்து வந்த கடலைப் புண்ணாக்கு!

அதனால சொத்தை நேரா குப்பைக்குத்தான். வாயில போட்டு கசந்தா முழுங்காதீங்க, துப்பிடுங்க. மாடு வச்சிருக்கிறவங்க மழைக்காலத்துல புண்ணாக்கை ஈரம் படாம எப்படி வைக்கிறீங்கன்னு கீழ எழுதுங்க, அடுத்த வீடியோவுல படிக்கிறேன்.