அப்பாவின் மெசினுக்குத் தோல் பெல்ட் கிடைத்துவிட்டது!

வணக்கம் எல்லாருக்கும். இன்றைக்குச் சமையல் இல்லை, கடற்கரை இல்லை, வேறு எதுவுமே இல்லை. டெயிலரான அப்பாவின் சிங்கர் தையல் மெசினுக்கு, காலால் மிதிக்கும் கீழ்ச் சில்லையும் மேல்ச் சில்லையும் சேர்த்து ஓட்டுகிற தோல் பெல்ட் கிடைத்துவிட்டது, அதைச் சொல்லத்தான் வந்தேன். இந்தா பாருங்கள், அசல் தோல், மணந்து பார்த்தாலே தெரியும்.

போன வீடியோவில் பெல்ட் அறுந்து அப்பா சும்மா இருந்ததைப் பார்த்தீர்கள்தானே. அதற்குக் கீழே நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள், அந்தப் பழசை விற்றுவிட்டு அப்பாவுக்குக் கரண்ட் மெசின் வாங்கிக் கொடுங்கள் என்று. அன்பாகத்தான் சொல்கிறீர்கள், சரி. ஆனால் விற்கமாட்டோம். கரண்ட் மெசின் ஒன்று கடைக்குள்ளேயே நிற்கிறது, நீளத் தையலுக்கு அப்பா அதில்தான் இருப்பார். கொலரும் பொக்கெட்டும் மட்டும் கால்மெசினில்தான். காலால் மிதிக்கும்போது ஒரு தையல், இரண்டு தையல் என்று நிறுத்தலாம், மூலை திருப்பும்போது கை சொன்னதைக் கால் கேட்கும் என்பார்.

அந்த வீடியோ போட்ட கையோடு ஒருவர் பட்டா என்கிற சின்ன லொறியில் வந்து இறங்கினார். மெசின் வேண்டாமாம், இரும்புக் கால் மட்டும் போதுமாம், மேலே கண்ணாடி போட்டு ஹோட்டலுக்கு மேசை செய்யப் போகிறார்களாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்பா மட்டும் பொறுமையாக, "கால வித்துப்போட்டு நான் என்னத்த மிதிக்கிற தம்பி?" என்று கேட்டார். வந்தவர் விலையைக் கூட்டிக்கொண்டே போக, அம்மா உள்ளேயிருந்து வந்து, "குடுக்கிறல்ல எண்டா குடுக்கிறல்லதான்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

சரி, பெல்ட் கதைக்கு வருகிறேன். டவுனில் ஒரு கடையில் கேட்டேன், பச்சை நிறத்தில் பிளாஸ்டிக் பெல்ட் ஒன்றை எடுத்து வைத்து 1500 ரூபாய் என்றார்கள். பிளாஸ்டிக்குக்கு 1500! தோல் இல்லையா என்றால், இப்போது யார் தோல் பாவிக்கிறார்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்கு அந்தப் பிளாஸ்டிக் பெல்ட் அறவே பிடிக்காது. சில்லில் வழுக்கும், மிதி ஒரு பக்கம் போகும், ஊசி நின்ற இடத்திலேயே நிற்கும். தோல் சில்லைப் பிடித்துக்கொண்டு ஓடும். நாள்பட இழுபட்டுத் தளரும், அது உண்மை, அப்போது ஒரு துண்டு வெட்டிவிட்டுத் திரும்பக் கொளுவினால் சரி.

மறுகா, திரும்பி வரும் வழியில் காத்தான்குடியில் இறங்கினேன். உள்ரோட்டில் மெசின் திருத்துகிற ஒரு காக்கா, அதாவது முஸ்லிம் அண்ணன் ஒருவர், இருக்கிறார், கடைக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. கேட்டதும் ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தார், உள்ளே சுருட்டிச் சுருட்டித் தோல் பெல்ட்! "தங்கச்சி, நீளம் 72 இஞ்சி வரும், முதலே வெட்டிராதீங்க, வாப்பாவ அளந்து வெட்டச் சொல்லுங்க" என்றார். விலை 600 ரூபாய். டவுனில் சொன்னதைவிட 900 ரூபாய் குறைவு, அதுவும் அசல் தோல், கொளுக்கிக் கம்பியும் சும்மா தந்தார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

அப்பா பூட்டியதை எடுத்திருக்கிறேன், இப்போது திரையில் ஓடும். கீழ்ச் சில்லிலும் மேல்ச் சில்லிலும் சுற்றி, மிச்சத்தைச் சோக்கால் குறித்து வெட்டுகிறார், குத்தூசியால் ஓட்டை போட்டு, கம்பியைக் குறட்டால் நெரிக்கிறார். அதிகம் இறுக்கினால் மிதி பாரமாகும், தளர்ந்தால் வழுக்கும். முதல் மிதியிலேயே அந்தச் சத்தம் வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

ஓ, ஒன்றைச் சொல்லாமல் போய்விட்டேன். மெசின் அடியில் பொறித்த இலக்கத்துக்கு முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கிறது, முதல் எழுத்து ஈ (E). அப்படி என்றால் அது ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் என்ற ஊரில் செய்தது. அந்த ஃபெக்டரியை 1980-இல் மூடிவிட்டார்கள். செய்த இடமே இல்லை, மெசின் இங்கே மட்டக்களப்புப் பக்கம் எங்கள் களுவாஞ்சிகுடியில் ஓடுகிறது!

இதை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், எங்கள் வீட்டுச் சோறு இதில்தான் வந்தது. அப்பாவுக்குச் சொந்த ஊர் மண்டூர். சின்ன வயதில் குருமண்வெளித் துறைக்குப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கிற மிதவையில், வந்து இறங்கி, இந்தப் பக்கம் பெரிய மாமாவின் கடையில் தொழிலுக்குச் சேர்ந்தார். ஆரம்பத்தில் மெசினில் கையே வைக்க விடவில்லையாம், பொத்தான் கட்டுவதும் ஓரம் மடிப்பதும் மட்டும்தான். வெறும் மெசினை நூல் கோக்காமல் மிதித்துப் பழகச் சொல்வாராம் மாமா, ஏனென்றால் மிதி பின்பக்கம் சுற்றினால் நூல் அடியில் சிக்கிவிடும். கல்யாணத்துக்குப் பிறகுதான் இந்த மெசினைப் பழசாக வாங்கினார். பொத்தான் ஓட்டை எல்லாம் இன்றைக்கும் அம்மாவின் கைவேலை. மெசினில் போட்ட ஓட்டை சில சலவையில் பிரிந்துவிடும், அம்மா போட்டது சேர்ட் கிழிந்தாலும் நிற்கும். டெயிலர் என்று ஊரே அப்பாவைத்தான் கூப்பிடுகிறது, பாதி டெயிலர் அம்மா.

2022 ஞாபகம் இருக்கிறதுதானே? மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. கரண்ட் மெசின் வைத்திருந்தவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள், அப்பா வாசலில் வெளிச்சத்துக்கு மெசினை இழுத்துப் போட்டுத் தைத்துக்கொண்டே இருந்தார். வேறு டெயிலர்மாரும் அவசர வேலையைக் கொண்டுவந்து தந்தார்கள். என் தம்பியின் டியூசன் காசு அந்த மாதங்களில் இந்த மிதியில் வந்த காசு.

ஸ்கூல் துணி வரும் காலத்தில் வந்து பாருங்கள், வீட்டுக்குள் கால் வைக்க இடமிருக்காது. 1993-இல் அரசாங்கம் இலவசச் சீருடைத் துணி கொடுக்கத் தொடங்கியதிலிருந்து எங்களைப் போன்ற கடைகளுக்கு அதுதான் பெரிய அறுவடை. 2025-இல் முழுத் துணியையும் சீனா அன்பளிப்பாகத் தந்ததுதானே, அப்பா இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தே எந்த வருசத் துணி தடிப்பு என்று சொல்லுவார். ஒரு சேர்ட் தைக்க இப்போது 700 ரூபாய் வாங்குகிறார், அதிலும் மண்டூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் என்றால் குறைப்பார். அம்மாவும் நானும் ஏசினாலும் குறைப்பார். அதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான், நூலும் பொத்தானும் விற்கிற விலை அப்படி.

இனி ஒரு உதவி. ஊசிக்கு இடப்பக்கம், அடிநூல் சுற்றிய பொபினை மூடுகிற சறுக்குத் தகடு எங்கள் மெசினில் இல்லை, அப்பா ஒரு மட்டையை வெட்டி வைத்துச் சமாளிக்கிறார், துணி அதில் தடக்குகிறது. மேசை செய்கிற ஆட்களுக்குக் காலை விற்றுவிட்டு மெசின் தலையை மூலையில் போட்டு வைத்திருப்பவர்கள் உங்களில் கட்டாயம் இருப்பீர்கள். அந்தத் தகடு இருந்தால் கீழே எழுதுங்கள். மட்டக்களப்போ கல்முனையோ அக்கரைப்பற்றோ, எங்கே என்றாலும் நானே வந்து காசு தந்து வாங்கிக்கொள்கிறேன். பழைய சிங்கர் கால்மெசின் தகடாக இருக்கவேண்டும், கறள் பிடித்திருந்தாலும் பரவாயில்லை.