கேள்வி எழவில்லையாம்!

(கோத்தகிரியில் ஒரு வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. பேச்சு நடை அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் மப்ளரோடு அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, மூன்று மீட்டிங்கை விட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொன்ன கவுன்சிலர் அம்மா அவர்களே, ஹட்டிகளிலிருந்து, அதாவது நம் படுகர் ஊர்களிலிருந்து, வந்திருக்கும் பெரியவர்களே, தாய்மார்களே, இந்தக் குளிரிலும் மைக்கை அடைக்காமல் பார்த்துக்கொள்ளும் தம்பி அவர்களே, எல்லோருக்கும் வணக்கம். சால்வை போர்த்தியதற்குத் தனி நன்றி. ஊட்டியில் போர்த்துவார்கள், அது போட்டோவுக்கு. இங்கே போர்த்தியது உண்மையிலேயே உதவியாக இருக்கிறது. தலைவர் தன் உரையில் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதி மிகை, மீதி என் மனைவி ஒத்துக்கொள்ளமாட்டாள். விழா மலரை அச்சடித்துக் கொடுத்தவரையும் சொல்லாமல் விட்டால் தப்பு.

மூன்று செய்திகள் பேசலாம் என்று வந்தேன். நாடாளுமன்றத்தில் எழுத்துமூலமாகக் கேட்கும் கேள்விக்கு என்ன பலம், அது ஒன்று. நம் எம்.பி.யைக் கேட்க வைப்பது எப்படி, அது இரண்டு. அமைச்சர் கொடுத்த வாக்கு என்ன ஆகிறது, அது மூன்று.

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.' மேடைக்கு மேடை இதையே சொல்கிறேன் என்று என் மேல் ஒரு புகார் உண்டு. இன்றும் சொல்வேன்.

டெல்லியில் மக்களவை கூடுகிற நாட்களில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். டிவியில் பார்த்திருப்பீர்கள், ஒருவர் எழுந்து கேட்பார், அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், நடுவில் கூச்சல். அது நட்சத்திரக் குறியிட்ட கேள்வி. ஒரு நாளைக்கு 20 கேள்வி பட்டியலில் வரும். ஒரு மணி நேரத்தில் நாலோ ஐந்தோ தாண்டினால் பெரிய காரியம். மீதிக்கும் பதில் காகிதத்தில்தான் வரும். நட்சத்திரம் இல்லாத கேள்வி என்று இன்னொன்று உண்டு. அது ஒரு நாளைக்கு 230 வரை. சத்தம் கிடையாது, கைதட்டல் கிடையாது. அமைச்சர் பெயரில் எழுத்தில் பதில் வந்தே தீரவேண்டும். டிவி அதைக் காட்டாது. எனக்கு அதுதான் பிடிக்கும். பேச்சில் நழுவலாம், காகிதத்தில் நழுவினால் நழுவிய தடம் அப்படியே நிற்கும்.

கேள்வி என்ன செய்யும் என்பவர்களுக்கு 1957-ஐ ஞாபகப்படுத்துகிறேன். எல்.ஐ.சி. பணம் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய் முந்த்ரா என்ற ஒரு வியாபாரியின் கம்பெனிகளில் போனது எப்படி என்று மக்களவையில் கேள்வி வந்தது. விடாமல் துருவியவர் பெரோஸ் காந்தி. ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவுக்கு மருமகன். மாமனார் அமைச்சரவையை மருமகன் கேட்கிறார்! நீதிபதி சாக்லா தலைமையில் விசாரணை வந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். நம் ஊர்க்காரர்தான், என்ன செய்ய. இன்னொன்று: காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டார்கள் என்று 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்களின் பதவி பறிபோனது. வெட்கக்கேடுதான். ஆனால் காசு கொடுத்து வாங்குகிற அளவுக்குக் கேள்விக்கு மதிப்பு இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். நமக்கு அது இலவசமாகக் கிடைக்கிறது, நாம் எடுத்துக்கொள்வதில்லை.

சரி, எங்கள் கதையைச் சொல்கிறேன். எந்தத் துறை, எந்த எம்.பி. என்று கேட்காதீர்கள், எல்லாத் துறையிலும் நடப்பதுதான்.

எங்கள் ஹட்டியில் போன் சிக்னல் கிடையாது. வேண்டுமானால் தண்ணீர் டேங்க் மேல் ஏறவேண்டும். ஏணியில் பதினான்கு படி. மகன் துபாயிலிருந்து பேசும் நேரம் பார்த்து எழுபது வயது பெரியம்மா முக்காடு போட்டுக்கொண்டு ஏறுவார். கீழே இரண்டு பேர் ஏணியைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் பேசுவது ஊருக்கே கேட்கும். மருமகள் பற்றி என்ன சொன்னார் என்பதும் கேட்கும். ஒரு நாள் பனியில் கால் வழுக்கி, நல்ல வேளை, கீழே நின்றவர் மேலேயே விழுந்தார். அன்றைக்குத்தான் ஊரில் முடிவு செய்தோம், மனு கொடுத்தது போதும், இனி கேள்வி கேட்போம் என்று.

உட்கார்ந்து எழுதினோம். நாலு பக்கம். 'இயற்கை அன்னையின் மடியில்' என்று ஆரம்பித்தேன், நான்தான். எம்.பி.யின் உதவியாளர் படித்துவிட்டுச் சிரித்தார். "சார், மொத்தமே 150 வார்த்தைதான். வாதம் கூடாது, வர்ணனை கூடாது, 'இது நியாயமா' என்று அபிப்பிராயம் கேட்கவும் கூடாது" என்றார். நாலு பக்கம் நாலு வரியானது. (அ) இந்த மலைக் கிராமங்களில் சிக்னல் கிடைக்காதது அரசின் கவனத்துக்கு வந்ததா? (ஆ) ஆமெனில், விவரம் என்ன? (இ) எடுத்த நடவடிக்கை என்ன?

பதில் வந்த அன்று உதவியாளர் அதை போனில் அனுப்பியிருந்தார். எங்கே திறப்பது? டேங்க் மேல்தான். நான் ஏறினேன், ஏணியை ஊரே பிடித்துக்கொண்டது. "படிங்க, படிங்க" என்று கீழிருந்து சத்தம். படித்தேன். (அ) இல்லை, ஐயா. (ஆ), (இ): கேள்வி எழவில்லை.

பெரியம்மா அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: "நாமதானே எழுப்பினோம், அப்புறம் எப்படி எழலைங்கிறான்?"

தப்பு எங்கள் மேலும் இருந்தது. 'கவனத்துக்கு வந்ததா' என்று கேட்டால் 'இல்லை' என்ற ஒரு சொல்லில் கதவைச் சாத்திவிடலாம். அடுத்த முறை எண்ணிக்கை கேட்டோம். எத்தனை ஊரில் செல்போன் கோபுரம் இருக்கிறது, எத்தனை ஊரில் இல்லை, ஊர்வாரியாகப் பட்டியல் கொடுங்கள் என்று. எண்ணைக் கேட்டால் எழவில்லை என்று சொல்ல முடியாது. பட்டியல் வந்தது, எங்கள் ஊர் 'இல்லை' பக்கத்தில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தோம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும், ஆனால் எதைக் கேட்பது என்று தெரிந்த வாயாக இருக்கவேண்டும்.

இப்போது நான் வந்த விஷயத்துக்கு வருகிறேன். தலைவர் சிரிக்கிறார், அவருக்குத் தெரியும். பச்சைத் தேயிலை விலை. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறது என்பது பேப்பரில் வருகிறது. அதை ஒட்டி மாதாமாதம் பச்சை இலைக்கு ஒரு சராசரி விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கிறது. உங்கள் சாக்கு தராசில் ஏறும்போது அந்த விலை உங்கள் கைக்கு வந்ததா என்பதுதான் கேள்வி. ஈரம் என்று ஒரு கழிவு, முற்றிய இலை என்று ஒரு கழிவு. ஒரு கிலோ இலை விற்ற காசில் பஸ் ஸ்டாண்டில் இரண்டு டீ குடிக்க முடியாத மாதங்களை நான் பார்த்திருக்கிறேன். தேயிலையை விளைவித்தவனுக்கு டீ கிடையாது!

தேயிலை வாரியம் மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கீழ் வருவது. ஆகவே இது டெல்லியில் கேட்கவேண்டிய கேள்வி. நம் எம்.பி. மறந்துவிட்டார் என்று கோபப்படாதீர்கள். நீலகிரித் தொகுதியில் அவிநாசியும் பவானிசாகரும் மேட்டுப்பாளையமும் இருக்கின்றன. கீழே வாழையும் மேலே தேயிலையுமாக அவர் தலைக்குள் எத்தனை இருக்கும்? நாம்தான் எழுதிக் கொண்டுபோய்க் கையில் கொடுக்கவேண்டும். கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், கூட்டத்தொடர் தொடங்கிய பிறகு ஓடினால் பாதி நாள் போயிருக்கும்.

நான் எழுதி வைத்திருப்பது இது. கடந்த 24 மாதங்களுக்கு மாதவாரியாகக் குன்னூர் ஏலச் சராசரி விலை என்ன? பச்சை இலைக்கு அறிவித்த விலை என்ன? அதற்குக் குறைவாகக் கொடுத்த தொழிற்சாலைகள் எத்தனை? ஒவ்வொன்றின் மீதும் என்ன நடவடிக்கை, எந்தத் தேதியில்? 'கவனத்துக்கு வந்ததா' என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை, பெரியம்மா சார்பில் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாவது செய்தி, 'தகவல் திரட்டப்படுகிறது' என்று அமைச்சர் சொன்னால் அது ஒரு உறுதிமொழி, மூன்று மாதத்தில் நிறைவேற்றவேண்டும், அதைக் கவனிக்க 1953 முதல் மக்களவையில் ஒரு குழுவே இருக்கிறது. இதைப் பற்றி நிறையப் பேசலாம். ஆனால் கவுன்சிலர் அம்மா கடிகாரம் பார்க்கிறார், கட்டபெட்டு பக்கம் போகிறவர்களுக்குக் கடைசி பஸ் வேறு.

வாசல் பக்கத்து மேஜையில் ஒரு நீளமான நோட்டு இருக்கிறது. பேனாவை நூலில் கட்டியிருக்கிறேன், போன வருடம் இரண்டு போய்விட்டது. போகும்போது போன மாதம் எத்தனை கிலோ இலை போட்டீர்கள், கையில் என்ன விலை வந்தது என்று அதில் எழுதிவிட்டுப் போங்கள். ரசீது இருந்தால் கொண்டுவாருங்கள், ஜெராக்ஸ் செலவு என்னுடையது. வாயுள்ள பிள்ளை... சரி, பஸ் வந்துவிட்டது போல, எழுந்திருங்கள்.